யாருன்னு எனக்குத் தெரியும்

உக்காருங்கம்மா. ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க. உள்ள போன புள்ள இப்போதைக்கு வராது. மொத தடவையா? பாத்தாலே தெரியுது. மொத தடவை வர்றவங்க எல்லாரும் இப்படித்தான் அந்தக் கதவையே பாத்துக்கிட்டு நிப்பாங்க. நானும் நின்னிருக்கேன். இங்க வாங்க, இந்த நாற்காலி ஆடாது.

அந்த ஃபேனுக்குப் பக்கத்துல போனா உங்களுக்கு ஒண்ணும் கேக்காது. அது காத்துக்காக வெச்சது இல்ல. உள்ள பேசறது வெளிய கேக்கக் கூடாதுன்னு கதவுக்கு முன்னாடி வெச்சு ஓட விட்டிருக்காங்க. நான் ஒருநாள் குளிருதுன்னு சொல்லி அதை அமத்திட்டேன். ரிசப்ஷன்ல இருக்கற அந்தப் பொண்ணு எழுந்து வந்து திரும்பப் போட்டுட்டு, எனக்குச் சால்வை வேணுமான்னு கேட்டுச்சு. திமிரைப் பாத்தீங்களா.

பொண்ணா உங்களுக்கு? பிளஸ் ஒன்னா. சரி, சரி, வேற ஒண்ணும் சொல்ல வேணாம். இங்க யாரும் யாரையும் எதுக்கு வந்தீங்கன்னு கேக்கறதில்ல. நானே சொல்றேன். என் பொண்ணு சுபிக்ஷா. சுபின்னு கூப்பிடுவோம். பத்தாவது படிக்கறா. கையைக் கீறிக்கிட்டா. ஒரு தடவை மட்டும் இல்ல. இதைச் சொல்ல முன்னல்லாம் எனக்கு வாய் வராது. இப்ப வருது, உங்களுக்கு என்னைத் தெரியாதுங்கறதால.

ஆடிப்பூரத்தன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. எங்க ஊர்க் கோயில்ல அன்னிக்கு அம்மனுக்கு உடம்பு பூரா வளையலாவே சாத்துவாங்க. அப்புறம் அதையே பிரசாதமாக் குடுப்பாங்க. வரிசையில நின்னு சுபிக்குன்னு வாங்கிட்டு வந்தேன். நல்ல பச்சை. கை நீட்டுடின்னேன். "அப்புறம் போட்டுக்கறேம்மா"ன்னா. பிரசாதத்தைப் போய் அப்புறம்னு சொல்லலாமா? கையப் புடிச்சு இழுத்து, சட்டைக் கையை மேல ஏத்தினேன். அவ்வளவுதான். அந்த வெயில்லயும் முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டுத் திரிஞ்சது எதுக்குன்னு அப்பத்தான் புரிஞ்சுது. நான் அடிக்கலீங்க. நம்ப மாட்டீங்க, கைகூட ஓங்கல. சாமி படத்துக்கு முன்னாடி அப்படியே உக்காந்துட்டேன். அவதான் என் கையிலேருந்து கீழ சிதறின வளையலை எல்லாம் பொறுக்கிப் பிரசாதத் தட்டுல வெச்சா.

எங்க வீட்டுக்காரர் ஹார்டுவேர் கடை வெச்சிருக்கார். அவர் கடைக்கு வர்ற ஒரு இன்ஜினியர் சொல்லித்தான் இங்க வந்தோம். மெர்லின் மேடம் நல்லவங்கதான், நான் இல்லேங்கல. டாக்டரம்மான்னு கூப்பிட்டேன், "நான் டாக்டர் இல்லீங்க, மனநல ஆலோசகர், மெர்லின்னே கூப்பிடுங்க"ன்னாங்க. பேர் சொல்லியா கூப்பிடுவோம்? மேடம்னு வெச்சுக்கிட்டேன்.

மொத நாள் எங்களை எல்லாம் சேத்து உக்கார வெச்சு ஒரு விளக்கம் குடுத்தாங்க. உங்களுக்கும் குடுத்திருப்பாங்களே? "சுபி எங்கிட்டச் சொல்றது எங்கிட்டயே இருக்கும். அவ உயிருக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணினா உங்ககிட்டச் சொல்லிடுவேன். யாராவது அவகிட்டத் தப்பா நடந்திருந்தா சட்டப்படி நான் மறைக்க முடியாது. அப்பக்கூட, சொல்லப் போறேன்னு மொதல்ல அவகிட்டச் சொல்லிட்டுத்தான் செய்வேன். மத்தது எல்லாம் அவளோடது." இதான் பேச்சு. நான் மறக்கவே இல்ல. மத்தது எல்லாம் அவளோடதாம்.

அவளுக்கு மொதப் பல்லு விழுந்தது என்னத்தைக் கடிச்சப்போன்னு எனக்குத் தெரியும். எந்தக் காய்க்கு மூஞ்சி சுளிப்பா, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாத் தூங்குவான்னு தெரியும். மனசுல இருக்கறது மட்டும் எனக்குத் தெரியக் கூடாதாம். அது நேத்து வந்த அந்தம்மாவுக்குத்தான் தெரியணுமாம். நீங்களே சொல்லுங்க, இது என்ன நியாயம்? நானும் டீச்சர்தான். பேரன்ட்ஸ் யார் வந்து கேட்டாலும் அவங்க புள்ளையப் பத்தி ஒண்ணு விடாமச் சொல்லிடுவேன். மறைக்கறதுக்கு நாம யாரு?

புள்ள தேறிக்கிட்டு வந்துச்சு, அதையும் சொல்லணும். சோத்தை ரூமுக்குத் தூக்கிக்கிட்டுப் போறது நின்னுச்சு. எங்ககூட உக்காந்து சாப்ட்டா. ஒருநாள் துணி காயப் போடறப்போ சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு நின்னா. அவங்க அப்பா எங்கிட்ட ஜாடை காட்டினார், பாரு பாருன்னு. எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா வீட்டுல 'ம்'முக்கு மேல பேசாதவ, இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் மணிக்கணக்காப் பேசறா. ஃபேன் ஓடினாலும் ஒரு முணுமுணுப்பு இருக்கும்ல, அதை வெச்சே சொல்லுவேன். ஒரு தடவை சிரிச்சா. அந்தச் சிரிப்புக்கு நான் எவ்வளவு ஏங்கியிருக்கேன். அதை இங்க வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்து, ஃபேன் சத்தத்துல கேக்க வேண்டியதாப் போச்சு. வயிறு எரிஞ்சுது. எரியுமா எரியாதா?

புரட்டாசியில ஒருநாள் மேடம் என்னை மட்டும் உள்ள கூப்பிட்டாங்க. "சுபி உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு நினைக்கறா. அவளே சொல்லுவா. எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு பேரும் இங்க பேசிப் பழகிக்கிட்டு இருக்கோம். கொஞ்ச நாள் ஆகும். அதுவரைக்கும் நீங்களாக் கேக்காதீங்க. அவ சொல்றப்போ உடனே பதில் சொல்லணும்னு இல்ல. கேட்டுக்கிட்டீங்கன்னா போதும். இதை உங்ககிட்டச் சொல்லலாமான்னு அவகிட்டக் கேட்டுட்டுத்தான் சொல்றேன்"னாங்க.

பெத்த அம்மாகிட்டப் பேசறதுக்குப் பழகணுமாம். இது என்ன பேச்சுப் போட்டியா? சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். ஆனா அதுக்கப்புறம் எனக்குச் சோறு எறங்கல. என்னவா இருக்கும், என்னவா இருக்கும்னு அதே நினைப்பு. அவ வாயத் தொறந்தா இப்பச் சொல்லப் போறாளோன்னு இருக்கும். "அம்மா, ஊறுகாய் எங்க"ன்னுவா. இப்படியே எத்தனை நாள் இருக்கறது?

அதான், போட்டு வாங்கிட்டேன்.

உங்களுக்குத் தெரியாததா? இது இல்லாம எங்க வேலை ஓடாது. கிளாஸ்ல ஒரு பொருள் காணாமப் போச்சுன்னு வெச்சுக்கங்க. பையை எல்லாம் கொட்டச் சொல்லித் தேடிக்கிட்டு இருக்க மாட்டேன். பலகைக்கு முன்னாடி போய் நின்னு, "யாருன்னு எனக்குத் தெரியும். அவங்களே எழுந்திருச்சா விட்டுடுவேன்"னு சொல்லுவேன். அவ்வளவுதான். சத்தம் போடக் கூடாது. ஒருத்தரையும் குறிப்பாப் பாக்கவும் கூடாது. கொஞ்ச நேரத்துல எடுத்தவன் தானா எழுந்து நிப்பான். புதுசா வர்ற டீச்சருங்க எங்கிட்டக் கேட்டுக் கத்துக்கிட்டுப் போவாங்க.

சுபியும் எட்டாவது வரைக்கும் எங்க ஸ்கூல்லதான் படிச்சா. என் பொண்ணுன்னு ஒரு சலுகை காட்டினதில்ல. ஸ்கூல் கேட்டுக்குள்ள வந்துட்டா என்னை மிஸ்னுதான் கூப்பிடணும். ஒரு தடவை இப்படித்தான், ஒரு புள்ளையோட ஜாமெட்ரி பாக்ஸைக் காணோம். நான் வழக்கம்போலச் சொன்னேன். யாரும் எழுந்திருக்கல. அப்புறம் பாத்தா சுபி எழுந்து நிக்கறா. எனக்கு எப்படி இருந்திருக்கும்? சாயங்காலம் வரைக்கும் வெளிய நிக்க வெச்சேன். மத்தவங்க பாக்கணும்ல, டீச்சர் புள்ளைக்கும் அதே தண்டனைதான்னு. வீட்டுக்கு வந்து என் ஹேண்ட்பேக்கைத் தொறந்தா உள்ள இருக்கு அந்த பாக்ஸ். நான்தான் கீழ கெடக்குதுன்னு எடுத்துப் போட்டிருக்கேன். ஏண்டி எழுந்து நின்னேன்னு கேட்டதுக்கு, "நீதான் தெரியும்னு சொன்னியேம்மா"ன்னா. நானும் அவங்க அப்பாவும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அப்படி ஒரு பயந்தாங்கொள்ளி. செய்யாததுக்கு எழுந்து நிக்குது பாருங்க.

எங்க விட்டேன்? ஆங், போட்டு வாங்கினது.

இங்கேருந்து ஸ்கூட்டியில வீட்டுக்குப் போய்க்கிட்டிருந்தோம். வழியில ரயில்வே கேட்டு போட்டிருந்தாங்க. வண்டியை அமத்தினேன். அவ பின்னாடி என் இடுப்பைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. சின்ன வயசுலேருந்து அப்படித்தான், ரெண்டு கையாலயும் சுத்திப் புடிச்சுக்குவா. மூஞ்சியப் பாத்துச் சொன்னா எனக்கே வாய் குழறிடுமோன்னு, ரோட்டைப் பாத்துக்கிட்டே சொன்னேன். "மேடம் எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாங்க சுபி. எனக்குத் தெரியும்."

அப்புறம், "எல்லாத்தையுமா?"ன்னா.

"எல்லாத்தையும்"னேன்.

இப்ப அவளாவே கொட்டிடுவான்னு காத்துக்கிட்டு இருக்கேன். உங்களுக்குச் சொல்றேன், எத்தனை புள்ளைங்களைப் பாத்திருக்கேன், அந்த நேரத்துல எல்லாரும் கொட்டிடுவாங்க. இவ கொட்டல. இவ ஒரு கேள்வி கேட்டா. "தெரிஞ்சுமாம்மா நீ இப்படி சாதாரணமா இருக்கே?"

அதுக்கு நான் என்ன சொல்றது? எதுவுமே தெரியாதே எனக்கு. என்னத்தையாவது சொல்லித்தானே ஆகணும். ஏதோ மார்க்கு, ஏதோ ஒரு பையன், அந்த வயசுக்கு வேற என்ன இருக்கப் போகுதுன்னு நினைச்சுக்கிட்டேன். "அதெல்லாம் ஒரு விஷயமே இல்லடி. எல்லா வீட்டுலயும் நடக்கறதுதான். மறந்துட்டுப் படிக்கற வழியப் பாரு"ன்னேன். ஆறுதலாத்தாங்க சொன்னேன். குரல்ல அவ்வளவு பாசம் வெச்சுச் சொன்னேன்.

ரயில் வந்துச்சு. சரக்கு ரயிலு, போய்க்கிட்டே இருந்துச்சு. என் இடுப்புலேருந்து ஒரு கையை எடுத்தா. அப்புறம் இன்னொரு கையும் எடுத்தா. கேட்டைத் தூக்கினப்போ, "சரி மிஸ்"னா.

ஸ்கூலுக்கு வெளிய அவ என்னை மிஸ்னு கூப்பிட்டதே இல்ல. விளையாட்டுக்குச் சொல்றான்னு சிரிச்சுட்டு வண்டியை எடுத்தேன். கண்ணாடியைத் திருப்பி அவ மூஞ்சியப் பாக்கலாம்னு பாத்தேன், தோள்தான் தெரிஞ்சுது. இப்பல்லாம் அவ பின்னாடி இருக்கற கம்பியைத்தான் புடிச்சுக்கறா.

அதுக்கப்புறம் இங்க வந்தப்போ உள்ளேருந்து ஒரு முணுமுணுப்பும் வரல. நேரம் பூரா இந்த ஃபேன் மட்டும்தான் ஓடுச்சு. அடுத்த தடவையும் அப்படித்தான். மேடம் வெளிய வந்து என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. மொகமே சரியில்ல. "வீட்டுல ஏதாவது நடந்துச்சாங்க? நான் உங்ககிட்ட எதையாவது சொன்னதா சுபி நினைச்சுக்கற மாதிரி ஏதாவது பேச்சு வந்துச்சா?"ன்னு கேட்டாங்க. இல்லையேன்னுட்டேன். வேற என்ன சொல்லச் சொல்றீங்க? உங்க பேரைச் சொல்லிப் பொய் சொன்னேன்னு சொல்ல முடியுமா? அப்புறம் சுபி இனிமே வரலேன்னுட்டா. கோவமா எல்லாம் சொல்லல. "எனக்குச் சரியாயிடுச்சும்மா, வேற யாருக்காவது அந்த நேரம் உதவும்"னு ரொம்பப் பொறுப்பாச் சொன்னா. மேடம் அவ நேரத்தை வேற யாருக்கும் குடுக்கல. அதுல என்னை வரச் சொன்னாங்க. அதான் நான் வந்துக்கிட்டு இருக்கேன்.

வெளிய பாக்கறவங்களுக்கு அவளுக்கு ஒரு குறையும் தெரியாது. சொன்ன பேச்சுக் கேக்கறா. படிக்கறா. அந்த ஆடிப்பூரத்து வளையலை எடுத்துத் தானே ரெண்டு கையிலயும் போட்டுக்கிட்டா. எனக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா. பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழட்ட வெச்சிருந்தேன், இருந்தாலும் நான் எப்பவும் காதைத் தீட்டிக்கிட்டே இருப்பேன். வளையல் இருந்தா அவ எந்த ரூம்ல இருக்கா, என்ன பண்றான்னு அடுப்படியில இருந்தே தெரியும். பக்கம் திருப்பினா ஒரு சத்தம், தலை வாரினா ஒரு சத்தம்.

நேத்துச் சாயங்காலம் தோசைக்கு ஊத்திக்கிட்டு இருக்கேன். ஏதோ தோணித் திரும்பிப் பாத்தா, எனக்கு நேர் பின்னாடி நிக்கறா. ரெண்டு கையிலயும் அத்தனை வளையல். ஒரு சத்தம் இல்ல. எப்ப வந்தா, எவ்வளவு நேரமா நிக்கறா, ஒண்ணும் தெரியல. என்னடின்னேன். "ஒண்ணும் இல்லம்மா"ன்னா. நடந்து போனா, அப்பவும் சத்தம் இல்ல. வளையல் குலுங்காம நடக்கறதுக்குப் பழகியிருக்கா. அதை எங்க பழகினா, எதுக்குப் பழகினா?

எனக்குப் பயமா இருக்குங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, ரொம்பப் பயமா இருக்கு. தெரிஞ்சுமா நீ இப்படி சாதாரணமா இருக்கேன்னு கேட்டாளே, என்னது அது? எது தெரிஞ்சா நான் சாதாரணமா இருக்க மாட்டேன்னு அவ நினைச்சா? வீட்டுக்கு யார் வந்தாலும் காபி டம்ளரைக் கையில குடுக்கறப்போ மூஞ்சியப் பாக்கறேன். கொழுந்தனாரு வந்தாப் பாக்கறேன், டியூஷன் சார் வந்தாப் பாக்கறேன், இவரையே பாக்கறேன், கட்டினவரை. யாராவது தப்பா நடந்திருந்தா மறைக்க முடியாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க. இதுவரைக்கும் அப்படி ஒண்ணும் சொல்லல, அப்ப அது இல்ல. அது இல்லேன்னு சாமியக் கும்பிட்டேன். அப்புறம்தான் தோணுச்சு, அது இல்லேன்னா வேற எது? நாங்க தினம் தினம் பண்ற ஏதோ ஒண்ணா? எனக்குப் பாத்தா ஒண்ணுமே தெரியாத ஏதோ ஒண்ணா? நானாவே இருந்தா?

கேக்கவும் வழி இல்ல. உங்களுக்குப் புரியுதுல்ல? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. தெரியும்னு சொன்னவ போய் என்னடி அதுன்னு எப்படிக் கேக்கறது? அன்னிக்குச் சொன்னது பொய்னு அவகிட்டச் சொல்லலாம்தான். சொல்லிட்டா அப்புறம் அவ என் எந்தப் பேச்சை நம்புவா? அம்மாங்கற மரியாதை வேணாமா? எல்லாம் இவங்களால வந்தது. மொதல்லயே என்னைக் கூப்பிட்டு, இதாம்மா விஷயம்னு ஒரே ஒரு வார்த்தை இந்த மேடம் சொல்லியிருந்தா, நான் எதுக்குப் போட்டு வாங்கப் போறேன்?

அதான் இன்னிக்கு ஒரு முடிவோட வந்திருக்கேன். உள்ள போய் உக்காந்ததும், நல்லாச் சிரிச்ச மொகமா, "மேடம், சுபி எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டா"ன்னு சொல்லப் போறேன். சத்தம் போட மாட்டேன். அவங்களைக் குறிப்பாப் பாக்கவும் மாட்டேன். அப்பாடான்னு அவங்க ஒரு மூச்சு விடுவாங்க பாருங்க, அப்ப வாயிலேருந்து ஏதாவது வரும். ஒரு வார்த்தை வந்தாப் போதும், மிச்சத்தை நான் பாத்துக்குவேன்.

இதோ கதவு தொறக்குது. உங்க பொண்ணா? நல்ல லட்சணமா இருக்கா. அழுதிருக்கா பாருங்க. ஆனா மொகம் லேசா இருக்கு. சுபியும் மொதல்ல இப்படித்தான் வருவா.

இங்க பாருங்க, சட்டுனு ஒண்ணு சொல்லிடறேன். உங்களுக்கும் இவங்க ஒண்ணும் சொல்லப் போறதில்ல. வீட்டுக்குப் போறப்போ சும்மா ஒரு வார்த்தை போட்டுப் பாருங்க, மேடம் எல்லாம் சொல்லிட்டாங்கன்னு. தப்பே இல்ல. நாமதானே பெத்தோம்.

வரேன் மேடம், ஒரு நிமிஷம்.

ஆனா ஒண்ணு. கையைக் குடுங்க. அவ திருப்பி ஏதாவது கேட்டான்னு வெச்சுக்கங்க, அதுக்கு மட்டும் பதில் சொல்லிடாதீங்க. என்ன கேட்டாலும் சரி. வண்டியை ஓரமா நிறுத்திட்டு எறங்கிடுங்க. எறங்கி அவ மூஞ்சியப் பாருங்க. பதில் மட்டும் சொல்லிடாதீங்கம்மா.